கட்டிலருகே ஒரு ஸ்டூல்

அன்புள்ள ஐயா,

ஹட்டன் பக்கத்து வைத்தியசாலை ஒன்றில் மூன்று மாதம் ஆன்மிகப் பணிப் பயிற்சிக்குப் போகிறேன். அதற்கு முன் ‘எனது ஊழியத் தத்துவம்’ என்று ஒரு பக்கம் எழுதித் தரவேண்டும். “நோயாளியிடம் கிறிஸ்துவைக் கொண்டு செல்வதே என் ஊழியம்” என்று தொடங்கியிருக்கிறேன். வாட்டில் பெரும்பாலானோர் இந்துக்கள். இது சரிவருமா?

– இறையியல் மாணவர் ஒருவர்

அன்புள்ள தம்பி,

மற்றதெல்லாம் சரி, முதல் வரிதான் இடிக்கிறது. மத்தேயு சுவிசேஷம் 25ஆம் அதிகாரத்தில் “வியாதியாயிருந்தேன், என்னை விசாரிக்க வந்தீர்கள்” என்று சொல்பவர் யார்? கிறிஸ்து, அதுவும் கட்டிலில் கிடப்பவராக. நீங்கள் கொண்டுபோவதாக எழுதியவர் உங்களுக்கு முன்பே அங்கே படுத்திருக்கிறார். அந்த வரியைத் திருப்பிப் போட்டால் வாட்டில் உங்கள் நடையே மாறிவிடும்.

முதலில் வாட்டுத் தாதியான மிஸ்ஸியிடம் சொல்லிவிட்டுப் போங்கள். பிறகு நோயாளியிடம், “கொஞ்சம் உட்காரலாமாங்க?” வேண்டாம் என்றால் கும்பிட்டுவிட்டு நகருங்கள். ஊசிக்கும் ஸ்கேனுக்கும் வேண்டாமென்று சொல்லத் துணியாதவருக்கு உங்களிடமாவது அது முடியட்டும். சம்மதித்தால், கட்டிலில் உட்காராமல் ஸ்டூலை இழுத்து, அவர் கண் மட்டத்துக்கு உட்காருங்கள். பத்து பதினைந்து நிமிடம் போதும். நெற்றியில் திருநீறோ கையில் மந்திரித்த கயிறோ இருந்தால் உங்கள் பார்வை அங்கேயே நிற்க வேண்டாம்.

புதியவர்கள் அதிகம் தவறுவது ஜெபத்தில்தான். “இனிப் பிழைக்க மாட்டேன் போலருக்கு” என்கிறார் நோயாளி. கேட்பவருக்குப் பயம். உடனே “வாங்க, ஜெபிப்போம்” என்று கண்ணை மூடிவிடுகிறார். அது ஜெபமல்ல, வாயடைப்பு. “ஏங்க அப்படித் தோணுது?” என்று கேட்டுவிட்டுப் பொறுங்கள். வருவது பெரும்பாலும் மரணத்தைப் பற்றியே இருக்காது. தோட்டத் தொழிலாளி வேலைக்குப் போகாத நாளுக்குப் பேர் விழாது, அதாவது அன்றைய சம்பளம் இல்லை. துணைக்கு வந்து நிற்கும் மகளுக்கும் அன்று பேர் இல்லை. இது வெளியே வந்தபின், அவரே கேட்டால், அவர் சொன்ன சொற்களை வைத்தே ஜெபியுங்கள். இந்துவாக இருந்து கேட்டாலும் அப்படியே; அதைத் தூண்டிலாக்க வேண்டாம். பூசாரியைப் பார்க்க வேண்டுமென்றால் வீட்டாருக்குச் சொல்லி அனுப்புவதும் உங்கள் ஊழியம்தான். சுகமாகிவிடும் என்று மட்டும் வாக்குக் கொடுக்காதீர்கள். அதை நம்பிச் சீனி வியாதி மாத்திரையை நிறுத்தினால் பாரம் உங்கள் தலையில்.

“சாகணும் போல இருக்கு” என்றால் அது வேறு. தற்கொலை எண்ணம் இருக்கிறதா என்று தயங்காமல் நேரே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. அவரைத் தனியே விடாமல் மிஸ்ஸியைக் கூப்பிடுங்கள். இதை ரகசியமாக வைத்திருக்க முடியாது என்று அவரிடமே சொல்லிவிடுங்கள்.

சிங்களத்தில் பேசும் டொக்டருக்கு நோயாளி “ஆமாங்க” என்று தலையாட்டுவது மரியாதை, புரிந்ததற்கு அடையாளமல்ல. எந்த மாத்திரை, எப்போது என்று நோயாளியின் வாயாலேயே திருப்பிச் சொல்ல வையுங்கள். ஒப்பரேஷன் சம்மதத்துக்கு மட்டும் நீங்கள் மொழிபெயர்க்கப் போகாதீர்கள். தமிழ் தெரிந்த தாதியைக் கேளுங்கள்.

நற்கருணை அப்பமும் ரசமும் கொடுக்கும் முன்பும் விசாரிக்க வேண்டும். ஒப்பரேஷனுக்காகப் பட்டினி போட்டிருக்கலாம், பக்கவாதத்தால் விழுங்க முடியாமல் இருக்கலாம். ஒக்சிஜன் ஓடும் இடத்தில் மெழுகுவர்த்தி கூடவே கூடாது.

இந்தப் பயிற்சியின் முன்னோடிகளில் ஒருவரான ஆன்டன் பாய்சன் தானே மனநல வைத்தியசாலையில் நோயாளியாக இருந்தவர். 1925இல் அமெரிக்காவின் வூஸ்டர் அரசு மனநல வைத்தியசாலையில் இறையியல் மாணவர்களைப் பயிற்சிக்குச் சேர்த்தபோது, புத்தகத்தைப் படிப்பதுபோல மனிதரைப் படிக்கச் சொன்னார். அந்த மரபில் பிறகு வளர்ந்ததுதான் வெர்பேட்டிம், அதாவது நடந்த உரையாடலைச் சொல்லுக்குச் சொல் எழுதிவைப்பது. கட்டிலருகே குறிப்பெடுக்காமல், அன்றிரவே, அவர் சொன்னது, நீங்கள் சொன்னது, அப்போது உங்கள் மனதில் ஓடியது என்று வரிவரியாக எழுதுங்கள். பத்து எழுதியபின் உங்கள் தத்துவப் பக்கத்தைத் திருத்துங்கள், அதுவரை பென்சிலில் இருக்கட்டும்.

அதில் நோயாளியின் பெயர் எழுதாவிட்டால் மட்டும் போதாது, தோட்டத்தின் பெயரும் வேண்டாம். ஞாயிறு ஆராதனை விண்ணப்பத்திலும் அப்படியே. “தோட்டத்தின் இன்ன டிவிஷன் சகோதரி” என்றாலே, ஆராதனை முடிவதற்குள் தொழிலாளர் குடியிருக்கும் லயம் முழுக்கத் தெரிந்துவிடும்.