டியூஐக்குப் பிறகு ட்ரக் இன்சூரன்ஸ்: மூன்று ஏஜென்ட் மறுத்தது ஏன்?

அமெரிக்காவில் சொந்தக் காரில் டியூஐ (போதையில் ஓட்டிய வழக்கு), சிடிஎல் (கனரக வண்டி லைசென்ஸ்) திரும்பக் கிடைத்துவிட்டது, ஒற்றை ட்ரக், புது அதாரிட்டி (சரக்கு ஏற்றும் தொழிலுக்கான ஃபெடரல் அனுமதி), மூன்று ஏஜென்ட்டும் கைவிரித்துவிட்டார்கள் என்கிறீர்கள். உடனே நான்காவது ஆளைத் தேடாதீர்கள். பல ஏஜென்ட்கள் வழியாக ஒரே இன்சூரன்ஸ் கம்பெனிக்கு உங்கள் விண்ணப்பம் போனால், முதலில் அனுப்பியவருக்கே அங்கே இடம். மற்றவர்களுக்குக் கோட் (பிரீமியம் விலை) கிடைக்காது. கம்பெனியே மறுத்ததா, இல்லை இந்தச் சிக்கலால் கோட் கிடைக்கவில்லையா என்று அந்த மூன்று பேரிடமும் கேளுங்கள். பிறகு சர்ப்ளஸ் லைன்ஸ் கம்பெனிகளோடு (வழக்கமான கம்பெனிகள் ஏற்காத ரிஸ்க்கை எடுப்பவை) தொடர்புள்ள ஒரே ஏஜென்ட்டைப் பிடித்து, 'புரோக்கர் ஆஃப் ரெக்கார்ட்' கடிதம் (இனி என் சார்பில் பேசுபவர் இவர்தான் என்று கம்பெனிக்குச் சொல்வது) கொடுங்கள்.

அதற்கு முன் உங்கள் எம்விஆரை (வண்டி ஓட்டிய வரலாற்றுப் பதிவு) எடுத்துப் பாருங்கள். பல கம்பெனிகள் 3 வருடம்தான் பார்க்கும், சில 5. கைதான தேதியா, தண்டனைத் தேதியா, எதிலிருந்து எண்ணுகிறார்கள் என்று கேளுங்கள். சில மாதம் பொறுத்தாலே பிரீமியம் இறங்கலாம். டியூஐயை மட்டும் மறைக்காதீர்கள். எம்விஆரில் எப்படியும் தெரியும். க்ளெய்ம் நேரத்தில் பாலிசியே செல்லாமல் போகலாம்.

மாநிலம் விட்டு மாநிலம் சாதாரணச் சரக்கு ஏற்ற, ஃபெடரல் குறைந்தபட்ச லயபிலிட்டி (பிறருக்கு ஏற்படும் சேதத்துக்கான காப்பீடு) 7,50,000 டாலர். லோடு புரோக்கர்கள் (சரக்கு பிடித்துத் தருபவர்கள்) பொதுவாகக் கேட்பது 10 லட்சம், கார்கோ (ஏற்றும் சரக்குக்கான காப்பீடு) 1 லட்சம். எஸ்ஆர்-22 (டியூஐக்குப் பிறகு மாநிலம் கேட்கும் இன்சூரன்ஸ் சான்று) இதற்கு ஈடாகாது. இன்சூரன்ஸ் கம்பெனி உங்கள் லயபிலிட்டிக்குச் சான்றாக பிஎம்சி-91 அல்லது 91எக்ஸ் படிவத்தை ஃபெடரல் அரசிடம் தாக்கல் செய்தாக வேண்டும்.

சர்ப்ளஸ் லைன்ஸ் பாலிசியில் 'மினிமம் ஏர்ன்ட் பிரீமியம்' (கம்பெனி எப்படியும் வைத்துக்கொள்ளும் குறைந்தபட்சத் தொகை) வரியைப் படியுங்கள். பாதியில் ரத்து செய்தால் அந்தப் பணம் திரும்பாது.

எதுவும் அமையாவிட்டால் மாநில அசைண்ட் ரிஸ்க் திட்டம் (யாரும் ஏற்காதவர்களுக்கு ஒரு கம்பெனியை ஒதுக்கித் தருவது). விலை கடிக்கும், கார்கோவைத் தனியாக வாங்க வேண்டும்.