மாசிக் குளிர்: நீலகிரிக்காரர்களுக்கு ஒரு கேள்வி பதில்

எஸ்டேட் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். தை போனதும் சுவெட்டரை மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டு, மறுவாரமே மூக்கைச் சிந்திக்கொண்டு வந்து நிற்பவர்கள் ஏராளம். குளிர் போகிற இந்த நேரத்தைப் பற்றிக் கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்.

குன்னூர் வாசகி: பகலில் வியர்க்கிறது, ராத்திரி பல் கிட்டுகிறது. இது என்ன கணக்கு சிஸ்டர்?

தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும் என்று சும்மாவா சொன்னார்கள்? வானத்தில் மேகமே இல்லை. பகலில் வெயில் தடையில்லாமல் இறங்குகிறது, ராத்திரி தரையின் சூடும் தடையில்லாமல் மேலே போய்விடுகிறது. குளிர்ந்த காற்றுக்குக் கனம் அதிகம் என்பதால் பள்ளத்தில் போய்த் தங்கும். தலைகுந்தாவில் புல் வெள்ளையாகக் கிடக்கும்போது மேட்டு வீட்டுக்காரர் ‘அப்படியொன்றும் குளிரவில்லையே’ என்பார். இருவர் சொல்வதும் நிஜம்தான்.

ஒரே கனமான சுவெட்டருக்குப் பதில் மெல்லியதாக இரண்டு மூன்று போடுங்கள். பத்து மணிக்கு ஒன்றைக் கழற்றி, நாலு மணிக்குத் திரும்பப் போடலாம். வியர்த்து நனைந்த பனியனோடு மட்டும் சாயங்காலம் வரை இருக்காதீர்கள். அப்புறம், ஊட்டி 2,240 மீட்டர் உயரம். ஆயிரம் மீட்டருக்குச் சுமார் 10 சதவீதம் என்று புற ஊதாக் கதிர் கூடிக்கொண்டே போகும். ஜில்லென்று காற்றடிக்கிறதே என்று வெயிலில் உட்கார்ந்தால் முகம் கருகும்.

மஞ்சூர்க்காரன்: ராத்திரி அறையில் கரி அடுப்பு வைத்துப் படுக்கலாமா? ஜன்னலைக் கொஞ்சம் திறந்துதான் வைப்போம்.

கூடாது. ஜன்னல் திறந்திருந்தாலும் கூடாது.

கரியை வாசலில் மூட்டுவார்கள். புகையெல்லாம் அடங்கி நல்ல சிவப்புத் தணலானதும், ‘இனிப் பயமில்லை’ என்று உள்ளே தூக்கிக்கொண்டு வருவார்கள். புகை கண்ணைக் கரிக்கும், ஓடிவிடலாம். தணல் விடும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. ரத்தத்தில் ஆக்சிஜன் ஒட்டவேண்டிய இடத்தில் அதைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாகப் போய் ஒட்டிக்கொள்ளும். முதலில் தலைவலி, பிறகு குமட்டல், தள்ளாட்டம். விழித்திருப்பவருக்கு இதெல்லாம் தெரியும், தூங்குகிறவருக்கு எதுவும் தெரியாது. வீட்டில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தலை வலித்தால் காரணம் யோசிக்க வேண்டாம். கதவைத் திறந்து வெளியே வந்து 108-ஐ அழையுங்கள்.

குளிர் காய வேண்டுமென்றால் வாசலில் காயுங்கள். அடுப்பு அங்கேயே கிடக்கட்டும்.

கோத்தகிரி அம்மா: எட்டு மாதக் குழந்தைக்குச் சளி. கற்பூரத்தைத் தேங்காய் எண்ணெயில் காய்ச்சி நெஞ்சில் தடவச் சொல்கிறார் மாமியார். நீலகிரித் தைலம் பரவாயில்லையா?

இரண்டும் வேண்டாம். கற்பூரம் தோல் வழியாகவே உடம்புக்குள் போகும், குழந்தைக்கு வலிப்பு வரலாம். தைலம் நம் ஊர்ச் சரக்குதான், அதற்காகக் கைக்குழந்தையின் மூக்கருகே கொண்டு போகாதீர்கள். பெரிய பிள்ளைகள் பாட்டிலைத் திறந்து குடித்தாலும் ஆபத்து, அலமாரி மேல்தட்டில் வையுங்கள். மாமியார் அடுத்ததாகத் தேன் என்பார். ஒரு வயதுக்குள் அதுவும் ஆகாது.

மூக்கடைப்புக்கு உப்புநீர்ச் சொட்டு மருந்து போதும். அடிக்கடி பால் கொடுங்கள். மூச்சு வேகமாக வாங்கினாலோ, மூச்சிழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுந்தாலோ உடனே ஆஸ்பத்திரி.

கேத்தி: அப்பாவுக்குச் சர்க்கரை. பாதம் ஜில்லென்று இருக்கிறது என்று தினமும் தணலில் காட்டுகிறார்.

நிறுத்தச் சொல்லுங்கள். பல வருடச் சர்க்கரையில் பாதத்தின் உணர்வு மங்கிவிடும். சுடுவது தெரியாமலே தோல் வெந்து, மறுநாள் காலுறையில் நீர் கசிந்த பிறகுதான் பார்ப்பார். வெந்நீர்ப் பையும் அவருக்கு வேண்டாம். தளர்வான கம்பளிக் காலுறை போடுங்கள், படுக்கும் முன் விரலிடுக்கு வரை நீங்கள் பாருங்கள்.

ஊட்டி டாக்ஸி: ஒரு பெக் பிராந்தி உள்ளே போனால் குளிரெல்லாம் பறந்துவிடுகிறதே. அதையும் வேண்டாம் என்பீர்களா?

என்பேன். சாராயம் தோலில் உள்ள ரத்தக் குழாய்களை விரிக்கும். உள்ளிருக்கும் சூடான ரத்தம் தோலுக்கு வருவதால் கதகதப்பாகத் தெரியும். அந்தச் சூடு அப்படியே வெளியே போய்விடும்.

ஊட்டி டாக்ஸி: எங்கள் தாத்தா தினமும் போட்டு 90 வயது வரை இருந்தார்.

கம்பளி போர்த்தாமல் இருந்தாரா?

குந்தா: அவர் சொல்வது சரிதான் சிஸ்டர். எங்கள் பக்கம் சளி பிடித்த பிள்ளைக்கே ஒரு மூடி கொடுப்போம்.

இதைத்தான் பயந்தேன். பிள்ளைகளுக்குச் சாராயம் ரத்தச் சர்க்கரையை மளமளவென்று இறக்கிவிடும். ‘நன்றாகத் தூங்குகிறான்’ என்று நினைத்துக்கொண்டிருப்பீர்கள், அது மயக்கமாக இருக்கும். ஒரு சொட்டும் கூடாது.

லவ்டேல்: ரம் என்றால்?

ரம், விஸ்கி, ஒயின் எல்லாம் ஒரே பதில்தான்.

ஊட்டி டாக்ஸி: சரி, வீட்டுக்குள் போர்த்திக்கொண்டு குடித்தால்?

குளிருக்காகக் குடிக்கிறேன் என்று மட்டும் சொல்லாதீர்கள். ஆசைக்குக் குடிக்கிறேன் என்றால் அது உங்களுக்கும் உங்கள் வீட்டம்மாவுக்கும் இடையில் உள்ள விஷயம். வண்டி ஓட்டும் நாளில் தொடவே கூடாது. பிராந்தி பேச்சு போதும்.

எல்லநள்ளி: ஜலதோஷத்துக்கு மூன்று நாள் அசித்ரோமைசின் வாங்கிப் போடலாமா?

அது பாக்டீரியாவைக் கொல்லும் ஆன்டிபயாடிக். வைரஸ் சளிக்குக் கேட்காது.

விடுதி நடத்துபவர்: விருந்தினர்கள் பார்பிக்யூ அடுப்பை அறைக்குள் கேட்கிறார்கள்.

மஞ்சூர்க்காரருக்குச் சொன்னதைப் படியுங்கள். பார்பிக்யூவிலும் எரிவது கரிதான்.

அரவங்காடு: கேஸ் கீசர்?

அதிலும் அதே கார்பன் மோனாக்சைடு வரும். காற்றுப் போக வழியில்லாத குளியலறைக்குள் மாட்டவே கூடாது.

கட்டபெட்டு விவசாயி: உறைபனியில் இளம் தேயிலை கருகிவிட்டது, என்ன செய்ய?

தாகைச் செடி போட்டு மூடுவதைப் பார்த்திருக்கிறேன், அதற்கு மேல் எனக்குத் தெரியாது. குன்னூரில் உபாசி என்ற தோட்டக்காரர் சங்கத்தில் கேளுங்கள்.

பேரகணி: நாங்கள் கரி அடுப்பை அணைத்துவிட்டுத்தான் உள்ளே கொண்டு வருகிறோம். அது பரவாயில்லைதானே?

தண்ணீர் ஊற்றி அணைத்தீர்களா, சாம்பல் போட்டு மூடினீர்களா? சாம்பலுக்குள் தணல் மணிக்கணக்கில் கிடக்கும். வெளியே வையுங்கள். நாளைக்கும் வெளியேதான்.