மாம்பழமும் பசையரிசியும் குச்சி ஐஸ் ஆகும்போது: எதற்குச் செலவு செய்வது?

கேள்வி: பாங்காக் போயிருந்தபோது தேங்காய்ப்பாலில் ஊறிய சோறும் மாம்பழமும் சாப்பிட்டோம். விடுமுறையில் பிள்ளைகளுக்கு அதையே குச்சி ஐஸாகச் செய்து தர ஆசைப்பட்டு, தாய்லாந்து ஜாஸ்மின் அரிசி வாங்கிச் செய்தேன். மாம்பழம் நன்றாக உறைந்தது. சோறு மட்டும் சரளைக்கல் போல ஆகிவிட்டது. இணையத்தில் அரிசி, தேங்காய்ப்பால் பொடி, வறுத்த பருப்பு எல்லாம் சேர்த்து ஒரே பெட்டியாக விற்கிறார்கள். வாங்கலாமா? (வாசகி, திருச்சி)

பதில்: பெட்டி வேண்டாம். அதில் உங்கள் வீட்டில் இல்லாத பொருள் அரிசி ஒன்றுதான். அந்தப் பருப்பு நம் பாசிப்பருப்பே. ஊறவைத்து, ஈரம் போக உலர்த்தி, மொறுமொறுப்பாக வறுத்தது. தாய்லாந்தில் அதைத்தான் மேலே தூவுகிறார்கள். அரிசியை மட்டும் தனியாக வாங்குங்கள்.

நீங்கள் சாப்பிட்டது 'காவ் நியாவ் மாமுவாங்'. முதல் இரண்டு சொல்லும் பசையரிசியைக் குறிப்பவை. மாமுவாங் என்றால் மாம்பழம். ஜாஸ்மின் அரிசி தாய்லாந்தில் விளைந்தாலும் பசையரிசி அல்ல. சாதாரண அரிசியின் மாவுச்சத்தில் அமைலோஸ், அமைலோபெக்டின் என்று இரண்டு வகை உண்டு. ஆறியதும் முதலில் இறுகுவது அமைலோஸ். பசையரிசியில் அமைலோஸ் ஏறக்குறைய இல்லை. குளிரில் அது சீக்கிரம் விறைக்காததற்குக் காரணம் அதுதான். கடையில் ஏமாறாமல் இருக்க, பருக்கையைக் கையில் எடுத்துப் பாருங்கள். பச்சரிசி கண்ணாடி போல ஒளி ஊடுருவும். பசையரிசி சுண்ணாம்பு வெள்ளையாக, ஒளி புகாமல் இருக்கும். சுஷி அரிசியை 'ஸ்டிக்கி ரைஸ்' என்று விற்பவர்களும் உண்டு. சந்தேகம் என்றால் வெந்த பருக்கையின் மேல் ஒரு சொட்டு டிங்சர் அயோடின் விடுங்கள். சாதாரண அரிசி கருநீலமாகும், பசையரிசி செம்பழுப்பாகும். (சோதித்த சோற்றைக் கொட்டிவிடுங்கள்.) உறையில் 'குளூட்டினஸ்' என்று இருப்பது பசைத்தன்மையைச் சொல்வது. கோதுமையில் உள்ள குளூட்டன் இந்த அரிசியில் கிடையாது.

சரியான அரிசியையும் வெறுமனே உறைய வைத்தால் கெட்டியாகத்தான் செய்யும். சர்க்கரையும் கொழுப்பும் அதற்குள் ஏற வேண்டும். நூறு கிராம் அரிசியை இரவு முழுக்க ஊறவைத்து, இட்லிப் பானையில் துணி விரித்து இருபத்தைந்து நிமிடம் ஆவியில் வேகவையுங்கள். குக்கரில் தண்ணீர் விட்டு வேகவைத்தால் குழைந்துவிடும். 400 மில்லி கெட்டித் தேங்காய்ப்பாலில் நூறு கிராம் சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் போட்டு, கொதிக்க விடாமல் சூடாக்குங்கள். இலங்கைத் தமிழர் கறிக்குப் போடும் ரம்பை இலை கிடைத்தால் ஒன்றை முடிச்சிட்டு அதில் போடுங்கள்; தாய்லாந்துச் சமையலறையிலும் அந்த வாசனை உண்டு. இந்தப் பாலில் பாதியைச் சூடான சோற்றில் ஊற்றி, அரை மணி நேரம் மூடி வைத்தால் சோறு அதைக் குடித்துவிடும். உப்பைக் குறைக்காதீர்கள். அது இல்லையென்றால் இந்த இனிப்பு திகட்டும்.

இனி அடுக்கும் வரிசை. அச்சில் முதலில் மாம்பழக் கூழ் (இரண்டு பழம் போதும்), அடுத்து மீதித் தேங்காய்ப்பால், கடைசியாகக் குச்சிப் பக்கம் ஒரு மேசைக்கரண்டி சோறு. நம் ஊர் சேமியா ஐஸில் சேமியா நுனியில் இருக்கும். இங்கே அதைத் தலைகீழாக்குகிறோம். நுனியிலிருந்து சாப்பிட்டுக்கொண்டு வரும்போது அடிப்பகுதிச் சோறு இளகிவிடும், குச்சியும் ஆடாமல் நிற்கும். பாங்காக் தெருக்களில் தேங்காய்ப்பால் ஐஸ்கிரீம் விற்பவர்கள் சோற்றை உறைய வைப்பதே இல்லை. கிண்ணத்தில் இளஞ்சோற்றை வைத்து அதன்மேல் ஐஸ்கிரீமையும் வேர்க்கடலையையும் போட்டுத் தருகிறார்கள். குச்சி வேண்டும் என்ற கட்டாயம் இல்லாத வீட்டில் நான் அதைத்தான் சொல்வேன்.

ஓர் எச்சரிக்கை. வெந்த சோற்றை இரண்டு மணி நேரத்துக்குமேல் வெளியே வைக்காதீர்கள். அரிசியில் தங்கும் பாசில்லஸ் சீரியஸ் என்ற கிருமியின் வித்துகள் வேகவைத்தாலும் சாவதில்லை. அவை முளைத்துப் பெருகிவிட்டால் பிறகு உறைய வைத்துப் பயனில்லை.

கேள்வி: தேங்காய்ப்பால் டின், பொட்டலம், பொடி என்று மூன்று வகை இருக்கின்றன. விலையும் எங்கோ தொடங்கி எங்கோ போகிறது. எதை வாங்குவது? (வாசகர், கோவை)

பதில்: முன்பக்கப் படத்தை விட்டுவிட்டு, பின்பக்கத்தில் கொழுப்பு எத்தனை கிராம் என்று பாருங்கள். கோடெக்ஸ் என்னும் பன்னாட்டு உணவுத் தர நெறிப்படி தேங்காய்ப்பாலில் குறைந்தது 10 சதவீதம் கொழுப்பு இருக்க வேண்டும். 'லைட்' என்றால் 5, தேங்காய் கிரீம் என்றால் 20. ஐஸுக்கு 17 சதவீதத்துக்குக் குறையாமல் எடுங்கள். கொழுப்பு குறைந்தால் நீர் அதிகம். நீர் பெரிய பெரிய படிகங்களாக உறையும். நானே ஒருமுறை தேங்காய் மூடி படம் போட்ட பெட்டியை அவசரத்தில் எடுத்துவந்து, உறைந்த பிறகுதான் அது குடிப்பதற்கான 'தேங்காய்ப்பால் பானம்' என்று படித்தேன். பன்னிரண்டு ஐஸும் வெறும் பனிக்கட்டி. அன்றைக்கு வீட்டில் இருந்த குழந்தைகளின் முகம் இன்னும் நினைவிருக்கிறது.

பொடியில் கவனம் தேவை. பலவற்றில் சோடியம் கேசினேட் இருக்கும். அது பாலிலிருந்து எடுக்கும் புரதம். பால் ஒவ்வாமை உள்ள பிள்ளைக்கு, தேங்காய்தானே என்று நம்பிக் கொடுத்துவிடாதீர்கள். டின்னில் இருக்கும் 412 என்ற எண் கொத்தவரை விதைப் பிசினைக் குறிக்கும். அதற்குப் பயப்பட வேண்டாம்; ஐஸ் மென்மையாக இருக்க அது உதவும்.

இவ்வளவும் தேங்காய் கிடைக்காத ஊருக்கு. கோவையில் இருக்கும் நீங்கள் இரண்டு முற்றிய தேங்காய் வாங்கி, வெந்நீர் கொஞ்சமாக விட்டு அரைத்து, முதல் பாலை மட்டும் பிழியுங்கள். எந்த டின்னும் அதற்குப் பக்கத்தில் வராது. அன்றைக்கே பயன்படுத்திவிட வேண்டும், அவ்வளவுதான்.

கேள்வி: பழம் வாங்குவதா, டின் கூழ் வாங்குவதா? (வாசகி, சேலம்)

பதில்: சேலத்தில் இருந்துகொண்டு இதைக் கேட்கலாமா! மே மாதத்தில் பழம்தான். தாய்லாந்தில் இதற்கென்று எடுப்பது 'நாம் டோக் மாய்', 'ஓக் ரோங்' என்ற வகைகள். நாம் டோக் மாய் ஒல்லியாக நீண்டு, நாரே இல்லாமல் இருக்கும். நம்மிடம் அந்த இடத்துக்குப் பொருந்துபவை இமாம் பசந்தும் பங்கனப்பள்ளியும். உறைந்த பின் நாக்குக்கு இனிப்பு குறைவாகத் தெரியும் என்பதால் நன்றாகக் கனிந்ததை எடுங்கள். தோல் முழுக்க ஒரே மஞ்சளாக, காம்பருகே மணமே இல்லாமல் இருந்தால் வாங்க வேண்டாம். கால்சியம் கார்பைடு கல் வைத்துப் பழுக்க வைப்பதற்கு நாட்டில் தடை இருக்கிறது. எத்திலீன் வாயுவை 100 பிபிஎம் (பத்து லட்சத்தில் நூறு பங்கு) வரை பயன்படுத்தலாம் என்பது விதி.

பருவம் முடிந்த பிறகு கூழ் வாங்கலாம். கிருஷ்ணகிரிப் பக்கம் ஆலைகளில் பெரும்பாலும் தோத்தாபுரியைக் கூழாக்குகிறார்கள். அது சற்றுப் புளிக்கும். சர்க்கரை சேர்த்த கூழா, சேர்க்காததா என்று பார்த்து, சேர்த்தது என்றால் உங்கள் சர்க்கரையைக் குறையுங்கள். சர்க்கரை மிஞ்சினால் ஐஸ் உறையாமல் கொழகொழவென்று நிற்கும். மாம்பழ 'பானம்' இதற்கு உதவாது. அதில் பழம் 10 சதவீதம் இருந்தாலே விதிக்குப் போதும்.

கேள்வி: இணையத்தில் ஐஸ் அச்சு வாங்கினேன். 'உணவுத் தர சிலிக்கான்' என்று போட்டிருந்தார்கள். வந்ததோ கடுமையான பிளாஸ்டிக் நாற்றம்; மூன்று முறை கழுவியும் போகவில்லை. விற்றவர் திருப்பி எடுக்க மறுக்கிறார். (வாசகர், மதுரை)

பதில்: அதில் எதையும் ஊற்றாதீர்கள். 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி, விளம்பரத்தில் சொன்னபடி இல்லாத பொருளைத் திருப்பி எடுக்கவோ பணத்தைத் திருப்பித் தரவோ விற்பவர் மறுக்கக் கூடாது. விளம்பரப் பக்கத்தைப் படமெடுத்து வைத்துக்கொண்டு, அந்தத் தளத்தின் குறைதீர்ப்பு அலுவலருக்கு எழுதுங்கள். 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததாக ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் அவர் தீர்வு தர வேண்டும். அசையவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் பணியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். பொருளுக்குக் கொடுத்த தொகை ஐந்து லட்சம் ரூபாய் வரை என்றால் அங்கே புகாருக்குக் கட்டணம் கிடையாது. தொகை சிறியது என்று விட்டுவிடாதீர்கள். பிள்ளைகள் வாயில் வைக்கும் பொருள் இது.

அடுத்த முறை வாங்கும்போது துருப்பிடிக்காத எஃகு அச்சு நல்லது. விலை கூடினாலும் பல ஆண்டு உழைக்கும். பிளாஸ்டிக் என்றால் அடியில் முக்கோணத்துக்குள் 5 என்ற எண் (பாலிபுரோப்பிலீன் வகை) இருக்கட்டும். இந்த ஆண்டுக்கு மட்டும் என்றால் வீட்டில் உள்ள சிறிய எவர்சில்வர் டம்ளர்களே போதும். ஆறேழு மணி நேரம் உறைந்ததும் குழாய்த் தண்ணீரில் கால் நிமிடம் பிடித்தால் கழன்று வரும்.

கேள்வி: பசையரிசி எங்கள் ஊரில் கிடைக்கவே இல்லை. வேறு வழி? (வாசகி, காரைக்குடி)

பதில்: உங்கள் ஊர்க் கடையிலேயே கவுனி அரிசி இருக்கிறதே! பர்மாவிலிருந்து செட்டிநாட்டுக்கு வந்தது என்று சொல்லப்படும் அரிசி. வெந்தால் பசையாகும், தேங்காயும் சர்க்கரையும் அதற்கு ஏற்கெனவே பழக்கம். தாய்லாந்திலும் கறுப்புப் பசையரிசியைத் தேங்காய்ப்பாலில் காய்ச்சும் இனிப்பு உண்டு. தவிட்டோடு இருப்பதால் வெள்ளைப் பசையரிசியைவிட நேரம் பிடிக்கும். ஊறிய தண்ணீரிலேயே குழைய வேகவையுங்கள். தேங்காய்ப்பாலில் அந்த ஊதா நிறம் கசிந்து இறங்கும். மாம்பழ மஞ்சளுக்குக் கீழே அது எவ்வளவு அழகாக இருக்கிறது என்று செய்துபார்த்து எழுதுங்கள்.