அவள் 'சரி' என்றுதான் சொன்னாள்...

கேள்வி: விருந்து ஒன்றில் நானும் என் தோழியும் நன்றாகக் குடித்துவிட்டோம். அவளை வீட்டில் விட நானும் டாக்சியில் போனேன். வழியில் 'என் போன் எங்கே?' என்று மூன்று தடவை கேட்டாள், மூன்று தடவையும் அது அவள் கையில்தான் இருந்தது. வீட்டில் நான் கேட்டதற்கு 'சரி' என்றாள், உறவு கொண்டோம். காலையில் ஒன்றுமே ஞாபகம் இல்லை என்று அழுகிறாள். இரண்டு பேரும்தானே குடித்தோம், என் மேல் மட்டும் எப்படித் தப்பு?

பதில்: அந்த போன் விஷயத்தை நீங்களே எழுதியிருக்கிறீர்கள், அங்கிருந்தே தொடங்குவோம். வெறும் வயிற்றிலோ வேகமாகவோ குடித்து ரத்தத்தில் ஆல்கஹால் மளமளவென்று ஏறினால், மூளையின் ஹிப்போகாம்பஸ் பகுதி புது நினைவுகளைப் பதிவதை நிறுத்திவிடும். பழையதெல்லாம் நினைவிருக்கும், அதனால் நடப்பார், சிரிப்பார், கேட்டால் பதிலும் சொல்வார். ஆனால் நீங்கள் சொன்னது சில நிமிடங்களிலேயே போய்விடும், அதே கேள்வி திரும்ப வரும். 'பிளாக்அவுட்' என்பது இதுதான், மயங்கி விழுவது வேறு.

மறுநாள் ஞாபகம் இல்லை என்பதை மட்டும் வைத்து அப்போது சம்மதிக்கும் நிலையில் இல்லை என்று சொல்லிவிட முடியாது, அதுவும் உண்மை. என்ன நடக்கப்போகிறது, வேண்டாமென்றால் நிறுத்தலாம் என்பதெல்லாம் அந்த நேரத்தில் அவருக்குப் புரிந்ததா என்பதுதான் கேள்வி. சுயநினைவு போவதற்கு வெகு முன்பே சம்மதிக்கும் திறன் போய்விடலாம் என்று இங்கிலாந்து மேல்முறையீட்டு நீதிமன்றம் 2007-லேயே சொல்லியிருக்கிறது. சரி, அன்றிரவு அவர் கையில் வண்டிச் சாவியைக் கொடுத்திருப்பீர்களா? தனியாக அனுப்பவே மனமில்லாமல்தானே கூடப் போனீர்கள். அப்படியானால் அவர் நிலை உங்களுக்குத் தெரிந்தே இருந்தது.

'நானும் குடித்திருந்தேன்' என்பதற்கு வருகிறேன். போதை கவனத்தைச் சுருக்கும், நமக்கு வேண்டியது பெரிதாகத் தெரியும், எதிரில் இருப்பவரின் தள்ளாட்டம் கண்ணில் படாது. ஏன் அப்படி நடந்துகொண்டீர்கள் என்பதற்கு இது காரணமாகலாம், செய்தது உங்களுடையது இல்லை என்று ஆகிவிடாது. தானாகக் குடித்தவர் போதையைக் காட்டித் தப்பிக்கப் பெரும்பாலான நாட்டுச் சட்டங்கள் விடுவதில்லை. அவர் குடித்தது அவர் இஷ்டம், குடிக்க ஒப்புக்கொண்டதால் மற்றதற்கும் ஒப்புக்கொண்டார் என்று ஆகாது. (நீங்கள் நினைவில்லாமல் கிடக்க, அவர் தொடங்கியிருந்தால் இதே பதிலை அவருக்கு எழுதியிருப்பேன்.)

இப்போது செய்ய வேண்டியது: 'நீதானே சரி சொன்னே' என்று அவரிடம் வாதாடாதீர்கள், அவர் சொல்வதைக் கேளுங்கள். பாதுகாப்பில்லாமல் நடந்திருந்தால் உடனே சொல்லிவிடுங்கள், அவசரக் கருத்தடை மாத்திரை எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு பலன், எச்ஐவி தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்கியாக வேண்டும். அவர் யாரோடு மருத்துவரிடம் போகிறார் என்பதை அவரே முடிவு செய்யட்டும். புகார் கொடுப்பதும் அவர் முடிவு, கெஞ்சவோ மிரட்டவோ வேண்டாம், மெசேஜ் எதையும் அழிக்காதீர்கள், வக்கீல் ஒருவரைப் பாருங்கள்.

இனிமேலுக்கு ஒன்று. கடைசிக் கிளாஸை வைத்த பிறகும் அரை மணி, ஒரு மணி நேரம் போதை ஏறிக்கொண்டே இருக்கும். கல்லீரல் ஒரு சின்ன பெக்கை (30 மி.லி.) கரைக்க ஏறக்குறைய ஒரு மணி நேரம் எடுக்கும், காபியோ பச்சைத் தண்ணீர்க் குளியலோ அதை வேகப்படுத்தாது. இரவு 11 மணிக்குள் கடகடவென்று போட்ட ஆறு பெக் விடிகிற நேரத்திலும் கொஞ்சம் ரத்தத்தில் இருக்கும், அவருக்கும் உங்களுக்கும்.