ஃப்ளைவீலில் கார் ஓடுமா? கேள்வி பதில்

அம்பாசமுத்திரத்திலிருந்து: அண்ணாச்சி, சக்கரத்தைச் சுற்றிவிட்டு அந்தச் சுழற்சியிலேயே வண்டி ஓட்ட முடியுமா?

முடியும், ஓடியும் இருக்கிறது. ஸ்விட்சர்லாந்தில் ஓர்லிகான் கம்பெனியின் கைரோபஸ் 1953-ல் இவெர்டன் ஊரில் ஓட ஆரம்பித்தது. அடியில் ஒன்றரை டன் இரும்புச் சக்கரம் (இப்படிச் சுழற்சியில் ஆற்றலைச் சேர்த்துவைக்கும் கனமான சக்கரம்தான் ஃப்ளைவீல்), 1.6 மீட்டர் விட்டம், நிமிஷத்துக்கு 3000 சுற்று. நிறுத்தத்தில் கரண்ட் வாங்கிச் சக்கரத்தை முடுக்கிக்கொண்டு ஆறு கிலோமீட்டர் வரை போகும். கெட்டித் தட்டு என்று வைத்துக் கணக்குப் போட்டால் சுமார் 24 மெகாஜூல், அதாவது ஆறரை யூனிட் கரண்ட். ஒரு லிட்டர் பெட்ரோலிலேயே 32 மெகாஜூலுக்கு மேல் இருக்கிறது. எஞ்சின் அதில் முக்கால்வாசியை வீணடிக்கும் என்பது வேறு கதை.

பாளையங்கோட்டை மாணவர்: எடையைக் கூட்டுவதா, வேகத்தைக் கூட்டுவதா?

வேகத்தை. எடை இரட்டித்தால் ஆற்றல் இரட்டிக்கும், சுற்று இரட்டித்தால் நாலு மடங்கு. ஆனால் சக்கரத்தைப் பிய்க்கப் பார்க்கும் விசையும் அதே நாலு மடங்கு ஏறும். அதைத் தாங்கத்தான் எடை குறைந்த, வலுவான கார்பன் ஃபைபரில் சக்கரம் செய்கிறார்கள். 2010-ல் வந்த போர்ஷே 911 ஜிடி3 ஆர் ஹைப்ரிட் ரேஸ் காரில் டிரைவர் பக்கத்திலேயே நிமிஷத்துக்கு 40,000 சுற்று வரை ஓடும் ஃப்ளைவீல். பழைய பம்ப்செட் எஞ்சினின் வார்ப்பிரும்புச் சக்கரத்தை வேக மோட்டாரில் மாட்டிப் பார்க்காதீர்கள், உடைந்தால் சுவரும் நிற்காது.

வள்ளியூர்: 1 எச்.பி. மோட்டார், ஃப்ளைவீல், டைனமோ. 5 கிலோவாட் வருகிறதே! இலவச மின்சாரம்தானே?

இல்லை. 1 எச்.பி. என்பது 746 வாட். ஒரு நிமிஷம் சுற்றினால் சக்கரத்தில் சேருவது அதிகபட்சம் 45 கிலோஜூல். அதை 5 கிலோவாட்டாக இழுத்தால் பத்து விநாடிக்குள் தீரும். மொட்டைமாடித் தொட்டியைச் சின்ன மோட்டார் நிரப்ப, பெரிய வால்வில் திறந்துவிடுகிற கதைதான்.

வள்ளியூர்: நேரிலேயே பார்த்தேன் அண்ணாச்சி, வெல்டிங் செட்டே ஓடியது.

எவ்வளவு நேரம்?

சங்கரன்கோவில்: காந்தம் சேர்த்தால்?

சேர்த்தாலும் அதேதான். வள்ளியூர்க்காரருக்கு மேலே சொன்ன கணக்கைப் படியுங்கள்.

தென்காசி: திருப்பத்தில் வண்டி கவிழாதா?

சுற்றுகிற சக்கரம் அதன் அச்சு சாயும்போதுதான் முரண்டு பிடிக்கும். அச்சை நெட்டுக்குத்தாக வைத்தால் திருப்பத்தில் பிரச்சினை இல்லை. திருநெல்வேலி ஜங்ஷன் ஈரடுக்கு மேம்பாலத்தில் ஏறும்போதும் இறங்கும்போதும்தான் வண்டியைப் பக்கவாட்டில் சாய்க்கப் பார்க்கும்.

மேலப்பாளையம்: நம் கார் எஞ்சினில் இருக்கிற ஃப்ளைவீலே போதாதா?

7 கிலோ, 13 செ.மீ. ஆரம், 3000 சுற்று என்று வையுங்கள், சுமார் 3 கிலோஜூல் வரும். கிளட்சைப் பட்டென்று விட்டால் வண்டி குதிக்கிறதே, அதற்குத்தான் காணும்.

களக்காடு: இலவச மின்சாரம்...

வள்ளியூர்க்காரருக்குச் சொன்னதுதான். பம்ப்செட் சக்கரம் பற்றிச் சொன்னதும் உங்களுக்கும் சேர்த்துத்தான்.

வள்ளியூர்: கொஞ்ச நேரத்தில் நின்றுவிட்டது, பெல்ட் லூஸ் என்றார்கள்.

பெல்ட்டை இறுக்கிவிட்டு ஒரு மணி நேரம் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள் தம்பி, பஸ் சார்ஜ் நான் தருகிறேன்.