"ஹி டிட் கம்" தப்பில்லை, தைரியமாக எழுதுங்கள்

கேட்டிருப்பது இது: "கேள்வியோ மறுப்போ இல்லாத சாதாரண வாக்கியத்தில் 'ஐ டூ நோ', 'ஹி டிட் கம்' என்று டூ, டஸ், டிட் போடலாமா? மெயிலில் அப்படி எழுதினால் என் டீம் லீடர் இலக்கணப் பிழை என்று அடித்துவிடுகிறார்."

பிழையே இல்லை. உங்கள் டீம் லீடர் அடித்ததுதான் தப்பு.

கேள்வியைப் பார்த்தால் நீங்கள் தமிழ் மீடியத்தில் படித்துவிட்டு இப்போது ஆபீஸில் ஆங்கிலத்தில் மெயில் எழுதுகிறவர் என்று தோன்றுகிறது. நானும் அப்படித்தான். இராமநாதபுரம் மாவட்டத்தில் மண்டபம் என்ற ஊர்ப் பக்கம் ஒரு நண்டு கம்பெனியில் ஏற்றுமதிப் பேப்பர் வேலை பார்த்தவள். இதே டிட்டுக்காக அங்கே மல்லுக்கட்டியிருக்கிறேன். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் விஷயம். வெளியூர்க்காரர் ஒருவர், "உங்க இராமநாதபுரத்துல மழையே பெய்யாதாமே" என்று சொன்னால் வெறுமனே "பெய்யும்" என்று நிறுத்திக்கொள்வோமா? "பெய்யத்தான் செய்யும், ஐப்பசி கார்த்திகையில வந்து பாருங்க" என்போம். அதே இடத்தில் ஆங்கிலத்தில் "இட் டஸ் ரெயின் ஹியர்" என்று வரும். நம்முடைய "செய்" செய்கிற வேலையைத்தான் அவர்களுடைய "டூ" செய்கிறது. "பெய்ய" என்பதில் காலமும் இல்லை, ஆளும் இல்லை. இரண்டையும் "செய்" வாங்கிக்கொள்கிறது: பெய்யத்தான் செய்தது, வரத்தான் செய்கிறான், சொல்லத்தான் செய்தோம். ஆங்கிலத்திலும் காலத்தை டிட் வாங்கிக்கொள்கிறது, ஒருமைக்குரிய எஸ்ஸை டஸ் வாங்கிக்கொள்கிறது, முக்கிய வினை மொட்டையாக நிற்கும். "ஹி டிட் கேம்" ஏன் தப்பு என்பதும் இதிலேயே தெரிந்துவிடும். "வந்தான்தான் செய்தான்" என்று நம்மில் யாரும் சொல்லமாட்டோம் அல்லவா? "ஷி டஸ் நோஸ்" என்பதும் அதே கதைதான்.

ஓர் இடத்தில் மட்டும் தமிழை நம்பிப் போகக்கூடாது. தமிழில் "இருக்கத்தான் செய்கிறான்" என்று சொல்லலாம். ஆங்கிலத்தில் இஸ், ஆர், வாஸ் இருக்கும் வாக்கியத்தில் டூ நுழையாது. வில், கேன், ஷுட் போன்ற துணைவினை ஏற்கெனவே இருந்தாலும் நுழையாது. இருக்கிற அந்தச் சொல்லையே அழுத்திச் சொல்ல வேண்டும், சுருக்காமல் முழுசாக எழுத வேண்டும். "வீ'ல் ஷிப் இட்" என்பதை "வீ வில் ஷிப் இட்" என்று எழுதினாலே அழுத்தம் வந்துவிடும். ஹேவ் மட்டும் இரண்டு பக்கமும் நிற்கும். "வீ ஹேவ் சென்ட் இட்" என்றால் அங்கே ஹேவ்தான் துணைவினை, அதையே அழுத்துங்கள். "எங்களிடம் லைசென்ஸ் இருக்கத்தான் செய்கிறது" என்று சொல்ல வேண்டுமானால் ஹேவ் முக்கிய வினை, "வீ டூ ஹேவ் எ லைசென்ஸ்" சரி.

சரி, இது ஏன் நமக்குப் பிழையாகத் தெரிகிறது? பள்ளிக்கூடத்தில் டூ, டஸ், டிட் மூன்றையும் கேள்விக்கும் மறுப்புக்கும் என்றே மனதில் பதித்துவிட்டார்கள். இத்தனைக்கும் வழியைக் காட்டியவர்களும் அவர்களேதான். கொஸ்டின் டேக் பாடம் ஞாபகம் இருக்கிறதா? "ஹி கேம்" என்று கொடுத்தால் "கேம்" என்பதை "டிட்" கூட்டல் "கம்" என்று உடைத்து, "டிட்ன்ட் ஹி" போடச் சொல்வார்கள். அப்படியானால் அந்த டிட் வினைக்குள்ளேயே இருக்கிறது. கேட்கும்போது வெளியே வருகிறது, மறுக்கும்போது வருகிறது, அழுத்திச் சொல்லும்போதும் வருகிறது. இந்த மூன்றாவதை எங்கள் வகுப்பில் யாரும் சொல்லித்தரவில்லை. டேக்குக்கு மார்க் உண்டு, அழுத்தத்துக்குக் கிடையாது.

இப்போது என் கதை. எங்கள் பக்கம் வடகடல், தென்கடல் இரண்டிலும் நண்டு வலை போடுவார்கள். நீலக்கால் நண்டு. அப்பா நாட்டுப்படகில் நண்டு வலைக்குப் போகிறவர். அம்மா கம்பெனியில் நண்டுச் சதை எடுக்கிற வேலை. வேகவைத்த நண்டை உடைத்து, ஓடு ஒரு துணுக்குக்கூட இல்லாமல் சதையைத் தரம் பிரித்து எடுக்க வேண்டும். கிலோக் கணக்கில் கூலி. அந்தச் சதையை டப்பாவில் அடைத்து, பாஸ்டரைஸ் செய்து, குளிரிலேயே வைத்து அமெரிக்காவுக்கு அனுப்புவார்கள். டப்பா எவ்வளவு சூட்டில் எவ்வளவு நேரம் இருந்தது, பிறகு எவ்வளவு சீக்கிரம் குளிர்ந்தது என்று ஒவ்வொரு லாட்டுக்கும் பதிவுத்தாள் உண்டு. அமெரிக்காவில் கடலுணவுக்கு ஹேசப் என்ற பாதுகாப்பு முறை 1997 முதல் கட்டாயம். பதிவுத்தாள் இல்லையென்றால் சரக்கை நிறுத்திவைத்துவிடுவார்கள். சரக்கு நின்றால் பணம் நிற்கும். பணம் நின்றால் கம்பெனி முதலில் குறைப்பது பெண்களின் வேலை நாளை. அடுத்து கரையில் நண்டு விலையை. எங்கள் வீட்டுக்கு இரண்டு பக்கமும் அடி.

இந்த நிலைமையில் வாங்குகிறவரின் ஆபீஸிலிருந்து ஒரு மெயில்: ஒரு லாட்டுக்கு வெப்பநிலைப் பதிவுத்தாளை நீங்கள் அனுப்பவில்லை, சரக்கை நிறுத்தியிருக்கிறோம். ஸ்கேன் செய்து மற்ற பேப்பர்களோடு அனுப்பியதே நான்தான். "வீ டிட் செண்ட் தி சார்ட்" என்று தொடங்கி, எந்தத் தேதி மெயில், எந்த ஃபைல், எத்தனையாவது பக்கம் என்று பதில் தயார் செய்து மேனேஜரிடம் காட்டினேன். அவர் டிட்டைச் சுழித்தார். "ஏம்மா, டிட் போட்டா நாட் வரணும், இல்லேன்னா கேள்விக்குறி வரணும். ரெண்டும் இல்லாம டிட் எப்படி வரும்? வெள்ளைக்காரன் பார்த்தா என்ன நினைப்பான்?" என்று கேட்டார். மற்ற பெண்களும் இருந்த இடம். அம்மாவும் அங்கேதான் கையுறையோடு நின்றாள். நான் "சார், அது சரிதான்" என்றேன். "எனக்கு இங்கிலீஷ் சொல்லித்தராதே" என்றார். தேதி, பக்கம் எல்லாவற்றையும் வெட்டிவிட்டு "வீ சென்ட் தி சார்ட், கைன்ட்லி செக்" என்ற ஒரே வரியைத் தட்டி அனுப்பினார்.

இலக்கணப்படி அந்த வரியில் குற்றமில்லை, அதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் வாங்குகிறவர் என்ன புரிந்துகொண்டார் என்றால், நாங்கள் அப்போதுதான் புதிதாக அனுப்பியிருக்கிறோம் என்று. புது மெயிலில் தேடியிருக்கிறார், கிடைக்கவில்லை. "எதுவும் வரவில்லை, மறுபடி அனுப்புங்கள்" என்று பதில் வந்தது. அதன் பிறகு மேனேஜரிடம் மறுபடி போய் நின்றேன். நான் முதலில் எழுதியதை அப்படியே அனுப்பச் சம்மதம் வாங்கி, டிட்டோடு அனுப்பினேன். "ஆமாம், முதல் செட்டிலேயே இருக்கிறது, எங்கள் பக்கத்தில் பார்க்கத் தவறிவிட்டோம்" என்று எழுதினார்கள். சரக்கு நகர்ந்தது.

உடனே சிலர் வருவார்கள்: டிட்டால்தான் சரக்கு போனதா, தேதியும் பக்க எண்ணும் கொடுத்ததால்தானே என்று. ஆமாம், ஆதாரம் இல்லாமல் டிட் மட்டும் நின்று ஒன்றும் ஆகியிருக்காது. நான் சொல்வது வேறு. எதிராளி "இல்லை" என்று சொன்னபின், "நீங்கள் இல்லை என்கிறீர்கள், ஆனால் இருக்கிறது" என்ற முழு அர்த்தத்தையும் அந்த ஒரு டிட் கொண்டுபோகிறது. வெறும் "சென்ட்" அதைக் கொண்டுபோகாது. இன்னும் சிலர், அமெரிக்காக்காரர் ஒத்துக்கொண்டால் இலக்கணமாகிவிடுமா என்பார்கள். ஆகாது. எந்தத் தரமான ஆங்கில இலக்கணப் புத்தகத்தையும் எடுத்து அழுத்தத்துக்கு வரும் டூ என்ற பகுதியைப் பாருங்கள், இருக்கும்.

இந்த இடத்தில் மனசில் இருப்பதைச் சொல்லிவிடுகிறேன், கேள்விக்குச் சம்பந்தமில்லை என்று சிலருக்குத் தோன்றலாம். அந்த மேனேஜர் வெளியூர்க்காரர். எங்கள் மாவட்டத்தில் படித்த பெண்ணுக்கு ஆங்கிலம் வராது என்று முதல் நாளே முடிவு செய்துவிட்டு வந்தவர். தமிழ்நாடு முழுக்க, அதிகாரியை மிரட்ட வேண்டுமென்றால் "தண்ணியில்லாக் காட்டுக்கு மாத்திருவேன்" என்பார்கள். எந்தக் காட்டைச் சொல்கிறார்கள் என்று எங்களுக்கு நன்றாகத் தெரியும். தண்டனையாக வந்து சேர்கிற ஆசிரியர், வந்த அன்றிலிருந்து அடுத்த கவுன்சலிங்கில் எந்த ஊர் கிடைக்கும் என்றுதான் பார்ப்பார். எங்கள் பள்ளியில் ஆங்கில ஆசிரியர் பாதிப் பாடத்தில் மாறுதல் வாங்கிப் போனார், மீதியைக் கணக்கு ஆசிரியர் நடத்தினார். அவர் மனசார நடத்தினார், அவரைக் குறை சொல்லமாட்டேன். 2018-இல் மத்திய அரசு முன்னேறத் துடிக்கும் மாவட்டங்கள் என்று எடுத்த பட்டியலில் தமிழ்நாட்டிலிருந்து இரண்டே பெயர், விருதுநகரும் நாங்களும். அப்துல் கலாம் ஐயா பிறந்த மண் என்று மேடையில் பெருமை பேசுகிறவர்கள், இங்கே ஓர் ஆங்கில ஆசிரியரை நாலு வருஷம் நிற்கவைக்க ஏன் முடியவில்லை என்று யோசிக்கவேண்டும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் டீம் லீடர் பக்கத்தில் ஒரே ஒரு நியாயம் இருக்க வாய்ப்புண்டு. நீங்கள் வரிக்கு வரி டூ போடுகிறீர்களா? "ஐ டூ அக்னாலெட்ஜ் யுவர் மெயில்", "வீ டூ சப்ளை கிராப் மீட்" என்று யாரும் மறுக்காத இடத்தில் எழுதினால், படிப்பவர் "நான் எப்போது இல்லை என்று சொன்னேன்?" என்று குழம்புவார். நம் ஆபீஸ் மெயில்களில் இந்தப் பழக்கம் நிறைய. இதற்கு ஒரு காரணம் பத்திரமும் அஃபிடவிட்டும் என்று நினைக்கிறேன். கோர்ட் வாசலில் டைப் அடித்துத் தருகிற அஃபிடவிட்டைப் பாருங்கள், "டூ ஹியர்பை சாலம்லி அஃபர்ம் அண்ட் ஸ்டேட்" என்று தொடங்கும். அது பழைய ஆங்கிலத்தின் மிச்சம். ஷேக்ஸ்பியர் காலத்தில் அழுத்தமே இல்லாமல் சும்மா டூ போடும் வழக்கம் இருந்தது. பிறகு பொதுப் பேச்சிலிருந்து அது போய்விட்டது, சட்டமொழியில் தங்கிவிட்டது. மெயிலுக்கு அதை எடுத்துவரவேண்டாம்.

அப்படியானால் அழுத்தத்துக்கு டூ எங்கெல்லாம் வரும்? எதிராளியின் மறுப்புக்குப் பதில் சொல்லும்போது வருவது ஒன்று. "கம்பெனி சின்னதுதான், ஆனால் கூலியைச் சரியாகத் தருகிறது" என்று ஒன்றை ஒத்துக்கொண்டு இன்னொன்றைச் சொல்லும்போது "பட் இட் டஸ் பே ஆன் டைம்" என்பது இன்னொன்று. வருவேன் என்று சொல்லி வந்தேவிட்டால் "அண்ட் ஐ டிட் கம்". விருந்தாளியை "டூ சிட் டவுன்" என்றால் "உட்காருங்க, கண்டிப்பா உட்காரணும்" என்ற உபசாரம். அங்கே மட்டும் "டூ பீ கேர்ஃபுல்" என்று பீயோடும் டூ வரும்.

போனில் பேசும்போது குரல் டிட்டின் மேல் ஏறவேண்டும். "அனுப்பத்தான் செஞ்சோம்" என்று சொல்லும்போது நம் குரல் "தான்" மேல் ஏறுமே, அதே மாதிரி. குரலை ஏற்றாமல் தட்டையாகச் சொன்னால் கேட்பவருக்கு அது வினோதமாகத்தான் இருக்கும், டீம் லீடரைப் போலவே அவரும் பிழை என்று நினைத்துவிடுவார். எழுதுமுன் உங்கள் வாக்கியத்தைத் தமிழில் "தான் செய்தேன்" போட்டுச் சொல்லிப்பாருங்கள். தமிழில் இடித்தால் ஆங்கிலத்திலும் எடுத்துவிடுங்கள்.

கேள்வியில் நீங்கள் எழுதிய வரியை மட்டும் கொடுத்திருக்கிறீர்கள், அதற்கு முன் எதிராளி என்ன எழுதினார் என்பது இல்லை. அதையும் சேர்த்துப் போடுங்கள், அந்த இடத்தில் டிட் நிற்குமா என்று பார்த்துச் சொல்கிறேன்.