மைனஸ் ஒன்பதுக்கு ஏற்ற சைக்கிள் கண்ணாடி: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: ஐயா, எனக்கு வயது 34. இரண்டு கண்களுக்கும் −9.00 பவர், அதனுடன் −1.25 சிலிண்டரும் உண்டு. ஞாயிற்றுக்கிழமைகளில் நண்பர்களுடன் 70, 80 கிலோமீட்டர் சைக்கிள் ஓட்டுகிறேன். அவர்கள் அணிவதைப் போலக் கன்னம் வரை வளைந்து வரும் கூலிங் கிளாஸில் என் பவரைப் போட்டுத் தரும்படி மூன்று கடைகளில் கேட்டேன். இரண்டு கடைகளில் முடியாது என்றார்கள். மூன்றாவது கடையில் செய்து கொடுத்தார்கள். ஆனால் அதை அணிந்தால் சாலை இருபுறமும் சரிந்து தெரிகிறது, அரை மணி நேரத்தில் தலை வலிக்கிறது. என் கண்ணில்தான் குறையா? – வாசகர், கோயம்புத்தூர்

பதில்: உங்கள் கண்ணில் குறை இல்லை. அந்த மூன்றாவது கடைக்காரர் பவரைத் தவறாகப் போட்டிருப்பார் என்றும் நான் நினைக்கவில்லை. வளைந்த ஃப்ரேமும் −9 பவரும் இயல்பாகவே ஒன்றுக்கொன்று ஒத்துவராதவை. அதைக் கடையில் முதலிலேயே விளக்கியிருந்தால் உங்கள் பணமும் மிஞ்சியிருக்கும், உங்கள் கண்ணைப் பற்றிய இந்தக் கவலையும் வந்திருக்காது.

ஒரு லென்ஸ் கண்ணுக்கு நேராக நிற்கும்போதுதான் சீட்டில் எழுதிய பவர் கண்ணுக்கு அப்படியே கிடைக்கும். முகத்தைச் சுற்றி வளைந்த ஃப்ரேமில் லென்ஸ் பக்கவாட்டில் சாய்ந்து நிற்பதால், சீட்டில் இல்லாத சிலிண்டர் பவர் ஒன்று, அதாவது ஒரு திசையில் மட்டும் வேலை செய்யும் பவர், தானாக வந்து சேர்கிறது. சாய்வு 15 டிகிரி என்று வைத்துக்கொண்டால், −2 பவர் உள்ளவருக்கு வந்து சேரும் சிலிண்டர் 0.14 மட்டுமே என்பதால் அவர் அதை உணரவே மாட்டார். உங்கள் −9 பவருக்கோ அது 0.65 ஆகிவிடும், சாய்வு 20 டிகிரியானால் 1.19 வரை ஏறும். உங்கள் நண்பர்கள் சுகமாக அணியும் அதே ஃப்ரேம் உங்களுக்குத் தலைவலி தருவதற்கு இதுவே முதல் காரணம். இந்தச் சாய்வைக் கணக்கிட்டுப் பவரைத் திருத்தித் தயாரிக்கும் லேப்கள் இருக்கின்றன. ஆனால் அந்தத் திருத்தம் லென்ஸின் நடுப்பகுதியைத்தான் முழுமையாகச் சீராக்கும். பவர் ஏற ஏற ஓரங்களில் பிசகு மிஞ்சும். அதனால்தான் அவர்களில் பலர் −4 அல்லது −6 அளவிலேயே நிறுத்திக்கொள்கிறார்கள். உங்களுக்கு முடியாது என்று சொன்ன இரண்டு கடைக்காரர்களும் உங்களுக்கு நன்மையே செய்தார்கள்.

இரண்டாவது காரணம் ஃப்ரேமின் அளவு. உங்கள் ஃப்ரேமின் காதுக்கம்பியின் உட்புறத்தைப் பாருங்கள். 62, 14 என்பது போல இரண்டு எண்கள் அச்சாகியிருக்கும். முதல் எண் லென்ஸின் அகலம், அடுத்தது இரண்டு லென்ஸ்களுக்கும் நடுவே மூக்கின் மேல் உள்ள இடைவெளி. இரண்டையும் கூட்டினால் 76. உங்கள் கண்பாவைகளுக்கு இடைப்பட்ட தூரம், அதாவது கடைகளில் பி.டி. என்று குறிப்பது, 64 என்று கொள்வோம். அப்போது ஒவ்வொரு லென்ஸின் மையத்தையும் 6 மில்லிமீட்டர் மூக்குப் பக்கம் தள்ளியாக வேண்டும். மையத்திலிருந்து வெளி ஓரத்துக்கு 37 மில்லிமீட்டர் தூரம் வந்துவிடும். மெல்லிய லென்ஸ் என்று விற்கப்படும் 1.67 ஹை இண்டெக்ஸில் செய்தாலும் அந்த ஓரத்தின் தடிமன் ஏறக்குறைய 11 மில்லிமீட்டர். அதே லென்ஸை 46, 18 என்று எண்ணிட்ட சிறிய ஃப்ரேமில் போட்டால் கூட்டுத்தொகை உங்கள் பி.டி.யோடு பொருந்துகிறது, மையத்தைத் தள்ள வேண்டியதில்லை, ஓரத் தடிமனும் 5 மில்லிமீட்டராகக் குறைகிறது. விலை உயர்ந்த லென்ஸ் பொருளால் கிடைக்கும் மெலிவை விட, பொருத்தமான சிறிய ஃப்ரேமால் கிடைக்கும் மெலிவு மிக அதிகம் என்பதை இத்தனை ஆண்டுகளாகக் கடையில் நின்று கண்டிருக்கிறேன். ஆனாலும் விளம்பரங்கள் லென்ஸ் பொருளைப் பற்றியே பேசுகின்றன.

ஃப்ரேம் சிறியதானால் இன்னொரு வழியும் திறக்கிறது. அந்த 46 ஃப்ரேமில் பாலிகார்பனேட் போட்டால் ஓரம் 5.5 மில்லிமீட்டர், ட்ரைவெக்ஸ் போட்டால் 6 மில்லிமீட்டர், 1.67 லென்ஸை விட அரை அல்லது ஒரு மில்லிமீட்டர்தான் கூடுதல். இவை இரண்டும் எளிதில் நொறுங்காத பிளாஸ்டிக் வகைகள். லாரிச் சக்கரம் தெறிக்கும் கல்லுக்கும், கீழே விழும் தருணத்துக்கும் எதிராகக் கண்ணுக்கு முன்னால் நிற்கப்போகும் பொருள் இதுவே என்பதால், தடிமனில் அந்த அரை அல்லது ஒரு மில்லிமீட்டரை விட்டுக்கொடுப்பதே சரி. உங்கள் ஊரில் ட்ரைவெக்ஸ் கிடைக்குமானால் என் முதல் பரிந்துரை அதுதான். பாலிகார்பனேட்டும் ஹை இண்டெக்ஸும் வெளிச்சத்தை நிறங்களாகப் பிரிப்பது அதிகம். ட்ரைவெக்ஸ் அவ்வளவு பிரிக்காது.

அது ஏன் சைக்கிள் ஓட்டுபவருக்கு முக்கியம் என்றால், நீங்கள் குனிந்து ஹேண்டில்பாரின் கீழ்ப்பிடியைப் பிடிக்கும்போது தலை தாழ்ந்து கண் மேல்நோக்குகிறது. லென்ஸின் மையத்தின் வழியாக அல்லாமல் மேல் விளிம்பை ஒட்டியே சாலையைப் பார்க்கிறீர்கள். மையத்திலிருந்து 10 மில்லிமீட்டர் மேலே, −9 லென்ஸ் ஒவ்வொரு மீட்டர் தூரத்துக்கும் 9 சென்டிமீட்டர் வீதம் காட்சியை இடம்பெயர்க்கிறது; வேகத்தடையின் விளிம்பில் நீலமும் மஞ்சளுமாக ஒரு கோடு ஓடுவதும் இதனால்தான். ஆகவே லென்ஸின் மையத்தை, நீங்கள் நேராக நிற்கும்போது அளக்காமல், சைக்கிளில் அமர்ந்திருக்கும் நிலையில் அளந்து வைக்கச் சொல்லுங்கள். சைக்கிளையே கடைக்குக் கொண்டு போங்கள், சங்கடப்பட வேண்டியதில்லை. ஒருவர் சைக்கிளைப் பிடித்துக்கொள்ள, நீங்கள் ஃப்ரேமை அணிந்து வழக்கம் போலக் குனிந்து 15, 20 மீட்டர் தூரத்தைப் பார்க்க வேண்டும். எதிரே நிற்பவர் உங்கள் கண்பாவை இருக்கும் இடத்தை ஃப்ரேமோடு வரும் மாதிரி லென்ஸில் பேனாவால் குறிக்க வேண்டும். நிமிர்ந்த நிலையிலும் ஒரு குறி வைத்து, இரண்டுக்கும் நடுவில், மேல் குறிக்குச் சற்று நெருக்கமாக மையத்தை அமைத்தால் போதும். இந்தக் கண்ணாடியைச் சைக்கிளுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

லென்ஸ் கண்ணிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறது என்பதையும் கவனிக்க வேண்டும். சோதனையின்போது 12 மில்லிமீட்டரில் இருந்த லென்ஸ் ஃப்ரேமில் 17 மில்லிமீட்டருக்குப் போனால், −9 பவரில் கால் பவருக்குச் சற்றுக் கூடுதலாகவே குறைந்துபோகும். தூரத்துப் பலகைகள் மங்கும். வளைக்கத்தக்க ரப்பர் மூக்குப் பட்டை உள்ள ஃப்ரேமாகப் பார்த்து வாங்குங்கள்.

சிறிய, தட்டையான ஃப்ரேமில் ஓரங்களில் காற்று புகும் என்பது உண்மை. அதற்கு நல்ல விடை பனிமலை ஏறுபவர்களிடம் இருக்கிறது: சிறிய வட்ட லென்ஸும் இருபக்கமும் தோல் மறைப்புமாக, பிரான்ஸில் ஜூல்போ போன்ற நிறுவனங்கள் நெடுங்காலமாகச் செய்துவரும் கண்ணாடிகள் உங்கள் பவருக்கு மற்ற எல்லா விளையாட்டுக் கண்ணாடிகளையும் விடப் பொருந்தும். அவ்வளவு செலவு செய்ய இயலாவிட்டால், காந்தத்தால் ஒட்டிக்கொள்ளும் பெரிய வைசர் உள்ள சைக்கிள் ஹெல்மெட்டை வாங்கி, உள்ளே உங்கள் சிறிய பவர் கண்ணாடியை அணியுங்கள். வெயிலையும் காற்றையும் வைசர் பார்த்துக்கொள்ளும்.

கேள்வி: எனக்கு வலது கண் −5, இடது கண் −10. நிமிர்ந்து ஓட்டினால் எல்லாம் தெளிவாக இருக்கிறது. குனிந்தால் முன்னே போகும் வண்டி ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டாகத் தெரிகிறது. புதிய கண்ணாடி வாங்கினால் சரியாகுமா? – வாசகர், திருச்சிராப்பள்ளி

பதில்: மேலே சொன்ன இடப்பெயர்வு இரு கண்களிலும் ஒரே அளவாக இருந்தால் மூளை அதைச் சமாளித்துக்கொள்ளும். உங்களுக்கோ மையத்திலிருந்து 10 மில்லிமீட்டர் மேலே ஒரு கண்ணின் காட்சி மீட்டருக்கு 5 சென்டிமீட்டரும் மற்றதன் காட்சி 10 சென்டிமீட்டரும் நகர்கின்றன. மேலும் கீழுமாக வரும் இத்தனை வித்தியாசத்தைக் கண்களால் இணைக்க முடியாது. பெரும்பாலோருக்கு ஒன்றிரண்டு சென்டிமீட்டரே எல்லை. எனவே எந்த ஃப்ரேமும் இதை முழுமையாகத் தீர்க்காது. மையத்தை உயர்த்தி வைத்தால் குறையும், அவ்வளவுதான். உங்களுக்கு ஏற்றது காண்டாக்ட் லென்ஸ். அது கண்ணோடு சேர்ந்து அசைவதால் மையம் விலகுவதே இல்லை. அதற்கு மேல் பவர் இல்லாத எந்த வளைந்த கூலிங் கிளாஸையும் அணியலாம். அதுவரை ஹேண்டில்பாரை உயர்த்தி, நிமிர்ந்தே ஓட்டுங்கள். இரண்டாகத் தெரியும் நிலையில் நெடுஞ்சாலையில் குனிந்து ஓட்டாதீர்கள் என்று உங்களை வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன்.

கேள்வி: கூலிங் கிளாஸின் உள்ளே மாட்டும் பவர் கிளிப் வாங்கினேன், பவர் −8. சிக்னலில் நின்றால் லென்ஸில் ஆவி படிந்து மங்குகிறது. இமை முடியும் உரசுகிறது. – வாசகி, சேலம்

பதில்: உள் கிளிப்பின் லென்ஸ் சிறியது, அதனால் தடிமன் குறைவு, அதுவே அதன் பெரிய நன்மை. கிளிப் தட்டையாக இருக்கிறதா, வெளிக்கண்ணாடியோடு சேர்ந்து வளைந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். வளைந்ததாக இருந்தால் முதல் வாசகருக்குச் சொன்ன தொல்லைகள் எல்லாம் உங்களுக்கும் உண்டு. கிளிப் கண்ணுக்கு மிக அருகில், 8 மில்லிமீட்டர் அளவில் அமர்ந்தால் −8 லென்ஸ் கால் பவர் கூடுதலாக வேலை செய்யும் என்பதால், அந்தத் தூரத்தைச் சொல்லிப் பவரைக் குறைத்து வாங்க வேண்டும். இமை உரசுவதற்கு மூக்குப் பட்டையைச் சற்று உயர்த்தினாலே போதும். ஆவி படிவது இரண்டு கண்ணாடிகளுக்கும் நடுவே காற்று தேங்குவதால். மேல் விளிம்பில் காற்றுத் துளை உள்ள வெளிக்கண்ணாடிதான் அதற்குத் தீர்வு.

கேள்வி: 300 கிலோமீட்டர் நெடும்பயணங்களில் கலந்துகொள்கிறேன். விடியலுக்கு முன் புறப்பட்டு இரவில் முடிக்கிறேன். பவர் −7. வெயிலில் தானாகக் கறுக்கும் லென்ஸ் போதுமா? – வாசகர், சென்னை

பதில்: இந்தப் பயணங்களுக்குத் தரப்படும் நேரம் 20 மணி. அதில் பாதி நேரம் இருட்டு அல்லது அரை வெளிச்சம் என்பதால் ஒரே நிறம் கொண்ட லென்ஸ் உதவாது. தானாக நிறம் மாறும் லென்ஸ் நல்ல யோசனையே. ஆனால் அதற்கு இரண்டு குறைகள் உண்டு. வெப்பம் கூடினால் அது முழுமையாகக் கறுக்காது, ஆகவே நம் ஊர்க் கோடையில் நண்பகலில் நீங்கள் எதிர்பார்க்கும் அளவுக்கு நிழல் தராது. கறுத்தபின் தெளிவதற்கும் சில நிமிடங்கள் ஆகும், வெயிலிலிருந்து புளியமரச் சாலையின் நிழலுக்குள் வேகமாக நுழையும்போது பள்ளம் மறைந்துவிடும். இந்த வகை வேண்டுமென்றால், நிறம் மேற்பரப்பில் சீராகப் படிந்த பிளாஸ்டிக் லென்ஸாக இருக்கட்டும். நிறம் உள்ளேயே கலந்த கண்ணாடி லென்ஸ் உங்கள் பவரில் நடுவே வெளுத்தும் தடித்த ஓரங்களில் கறுத்தும் தெரியும்.

நான் விரும்புவது, நிறமற்ற பவர் கண்ணாடியும் கழற்றத்தக்க வைசரும். வைசர் வாங்கும்போது அதன் வகை எண்ணைப் பாருங்கள். மூன்றாம் வகை 8 முதல் 18 சதவீத வெளிச்சத்தையும், இரண்டாம் வகை 18 முதல் 43 சதவீதத்தையும் உள்ளே விடும். நிழலும் வெயிலும் மாறிவரும் சாலைக்கு இரண்டாம் வகையே போதும். நான்காம் வகை பனிமலைக்கு உரியது, சாலைக்கு ஆகாது; முதல் வாசகருக்குச் சொன்ன பனிமலைக் கண்ணாடியையும் இந்த வகை நிறத்தில் வாங்க வேண்டாம். போலராய்ட் வகையில் ஹேண்டில்பாரில் உள்ள வழிகாட்டித் திரை சில கோணங்களில் கறுத்துப்போகும். புற ஊதாக் கதிருக்காகக் கறுப்புக் கண்ணாடியைத் தேட வேண்டியதில்லை. நிறமற்ற பாலிகார்பனேட்டே அதைத் தடுத்துவிடும்.

கேள்வி: என் மகளுக்கு வயது 17, பவர் −11. சைக்கிள் போட்டிகளில் ஓடுகிறாள். காண்டாக்ட் லென்ஸ் போடலாமா? குலுக்கலில் கண்ணுக்கு ஆபத்து வருமா? – ஒரு தாய், மதுரை

பதில்: போடலாம் அம்மா, அவளுக்கு அதுவே சிறந்தது. −11 கண்ணாடியில் உலகம் பத்து சதவீதத்துக்கு மேல் சுருங்கித் தெரிகிறது, காண்டாக்ட் லென்ஸில் ஏறக்குறைய இயல்பான அளவில் தெரியும். பக்கவாட்டிலிருந்து வரும் வண்டியும் ஃப்ரேமின் விளிம்பில் மறையாது. கண்ணோடு ஒட்டியிருப்பதால் பவர் −10 அளவுக்குக் குறையும். கண்ணாடிச் சீட்டை வைத்து வாங்காமல் தனியே அளந்து வாங்குங்கள். தினமும் புதிதாகப் போட்டு எறியும் வகையே தூசு நிறைந்த சாலைக்கு ஏற்றது. கை கழுவாமல் தொடக் கூடாது, லென்ஸோடு குளிக்கவோ நீந்தவோ தூங்கவோ கூடாது, மேலே ஒரு காற்றுத் தடுப்புக் கண்ணாடி கட்டாயம், முதுகுப் பையில் பழைய பவர் கண்ணாடி ஒன்று எப்போதும் இருக்க வேண்டும்.

சாதாரணக் குலுக்கலுக்காக மட்டும் கண் மருத்துவர்கள் பொதுவாகச் சைக்கிளைத் தடுப்பதில்லை. ஆனால் இவ்வளவு பவர் உள்ள கண் நீண்டிருக்கும், விழித்திரை மெலிந்திருக்கும். ஆண்டுக்கு ஒருமுறை கண்ணில் சொட்டு மருந்து விட்டு விழித்திரையை முழுமையாகப் பார்க்கச் செய்யுங்கள். போட்டிப் பருவம் தொடங்குமுன் அதைச் செய்வது நல்லது. கீழே விழுந்த பிறகோ, விழாமலேயோ, கண்ணுக்குள் மின்னல் வெட்டினாலும், கரும்புள்ளிகள் திடீரெனக் கூடினாலும், ஓரத்தில் திரை இறங்குவது போல இருந்தாலும், அன்றைக்கே கண் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். மறுநாள் வரை காத்திருக்க வேண்டாம்.